கலங்கல் இல்லாத ஏரி

அட்சய திருதியை அன்று சென்னை தியாகராய நகரின் நகைக்கடைகள் விடியும் முன்பே கதவு திறந்துவிடுகின்றன. உஸ்மான் சாலையிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் கூட்டம் நெரிகிறது. முன்பணம் கட்டி நகையைப் பதிந்துவைத்தவர்கள் ஒரு பக்கம், அரை கிராம் காசாவது வாங்கிப் போகலாம் என்று வந்தவர்கள் ஒரு பக்கம், சேதாரத்தில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டு நிற்பவர்கள் ஒரு பக்கம். அன்று பொட்டுத் தங்கம் வாங்கினாலும் ஆண்டு முழுவதும் செல்வம் பெருகிக்கொண்டே இருக்கும் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு வயது குறைவு. கோடை வெயிலில் வரும் இந்தத் திதி நெடுங்காலம் தானத்துக்கு உரிய நாளாகவே இருந்தது: வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல், தயிர்சாதம், விசிறி, குடை, செருப்பு. சமண மரபில், நெடுநாள் உணவின்றி இருந்த ரிஷபதேவர் கரும்புச்சாறு பெற்று நோன்பு முடித்த நாள் இது. ஆண்டு முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணாதிருக்கும் சமணர்கள் இன்றும் இந்த நாளில்தான் அந்த நோன்பை முடிக்கிறார்கள். கொடுப்பதற்கும் நோற்பதற்கும் உரிய நாளை வாங்குவதற்கு உரிய நாளாக்கியவை கடந்த கால் நூற்றாண்டின் விளம்பரங்கள். இதை வணிகத் தந்திரம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமயக் கருத்தே இங்கே தலைகீழாகியிருக்கிறது. அப்படித் தலைகீழான கருத்தின்மேல்தான் இன்று நம் நகரத்தின், நாட்டின் பொருளாதாரம் நிற்கிறது. அதை நிமிர்த்துவதில் குடிமக்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதே இங்கே கேள்வி.

குறையாத செல்வத்தை நம் மரபுகள் கற்பனை செய்யாமல் இல்லை. வனவாசத்தில் யுதிஷ்டிரருக்குச் சூரியன் கொடுத்த பாத்திரம் அத்தகையது. எத்தனை விருந்தினர் வந்தாலும் அதில் உணவு சுரக்கும்; திரௌபதி உண்டு முடித்ததும் அன்றைய சுரப்பு நின்றுவிடும். அதனால் அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆபுத்திரன் அதைக் கொண்டு மதுரையில் பசித்தவர்க்கெல்லாம் உணவிட்டான். நல்ல மழை பெய்து பாண்டிய நாடு செழித்தபோது இரப்பவர் இல்லாமல் போயினர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் அவன் இறங்கியிருந்தபோது கப்பல் அவனை விட்டுப் புறப்பட்டுவிட்டது. ஆளில்லாத தீவு, கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். தான் ஒருவனாக உண்டு அவன் நூறாண்டு வாழ்ந்திருக்க முடியும். ஊர்ப் பசிக்கு உரியதைத் தன் ஒரு வயிற்றுக்கு வைத்துக்கொள்ள மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான். ஒன்று வைதிக மரபின் கதை, மற்றொன்று பௌத்தக் காப்பியம். இரண்டும் ஒரே ஒழுங்கைச் சொல்கின்றன: கொடுப்பதற்கு எல்லை இல்லை, எடுத்துக்கொள்வதற்கு எல்லை உண்டு. உஸ்மான் சாலையில் அந்த ஒழுங்கு புரண்டு கிடக்கிறது. எடுத்துக்கொள்வது முடிவில்லாததாகவும் கொடுப்பது கணக்குப் பார்த்துச் செய்வதாகவும் ஆகிவிட்டன.

பிளஸ் ஒன் பொருளியல் பாடநூலைத் திறந்தால் தொடக்க அத்தியாயத்திலேயே பொருளியலாளர் ராபின்ஸ் வருகிறார். மனிதனின் விருப்பங்கள் எண்ணற்றவை, அவற்றை நிறைவேற்றும் வழிகளோ பற்றாக்குறையானவை. இந்த இரண்டுக்கும் நடுவே மனிதன் செய்யும் தேர்வுகளைப் படிப்பதே பொருளியல் என்கிறார். ஆசைக்கு முடிவில்லை என்பதைப் புத்தர் மறுக்கவில்லை, வள்ளுவர் மறுக்கவில்லை, மலைப்பிரசங்கமும் மறுக்கவில்லை. அவர்கள் அதை நோய் என்று கண்டு மருந்து தேடினார்கள். நவீனப் பொருளாதாரம் அதையே எரிபொருளாக்கி எந்திரம் ஓட்டியது. எந்திரம் பல நன்மைகளைச் செய்தது உண்மை. ஆனால் அது நிற்கவே கூடாது, நாளுக்கு நாள் வேகம் கூட வேண்டும் என்பது அதன் அமைப்பில் இருக்கும் கட்டளை. 2024–25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 விழுக்காடு வளர்ந்தது; 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலரைத் தொடுவது மாநிலத்தின் இலக்கு. அந்த எண்ணைத் தொட்ட பிறகு என்ன என்று எந்தக் கட்சியும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆண்டுக்கு 7 விழுக்காடு என்று நிதானமாகவே வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லாம் இரட்டிப்பாகும். இன்று பிறக்கும் குழந்தை எழுபது வயதை எட்டும்போது ஏழுமுறை இரட்டித்திருக்கும். இன்றைய அளவைப் போல 128 மடங்கு. அடையாறு அதே அகலத்தில்தான் ஓடும், பாலாற்றின் மணல் கூடப்போவதில்லை. இந்தக் கணக்குக்கு விடை இல்லை என்று தெரிந்தும் அதை நம்பித் திட்டம் தீட்டுவதற்கு நம்பிக்கை என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆகவே இதைச் சமய விவாதமாகவே நடத்த வேண்டியிருக்கிறது.

வளர்ச்சி என்று எதை எண்ணுகிறோம் என்பதைத் தண்ணீரை வைத்தே பார்க்கலாம். இன்று தியாகராய நகர் இருக்குமிடத்தில் நூறாண்டுகளுக்கு முன் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த மாம்பலம் ஏரி இருந்தது. 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், அதை வடித்துக் குடியிருப்பாக்கினார்கள். வீடில்லாமல் தவித்த நகரத்துக்கு அது தேவைப்பட்டது. அன்று அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏரி போனபோது அது நிலத்தடிக்கு இலவசமாக ஊட்டிவந்த நீரும் போயிற்று. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களில் மயிலாப்பூரின் ஒரு வீட்டுக் கிணற்றில் நீர் ஊறியிருந்தால், அதற்கு நாட்டின் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறியிருக்காது. கிணறு வறண்டதால் தண்ணீர் லாரி வந்தது, கேன் தண்ணீர் வந்தது, போர் இன்னும் நூறடி இறங்கியது, கம்ப்ரசர் மோட்டார் வாங்கினார்கள். இவை ஒவ்வொன்றும் உள்நாட்டு உற்பத்தியில் கூடுதலாகப் பதிவாயின. இழப்பு ஏற ஏற எண் உயர்ந்தது. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்னெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே, இந்த எண்ணிலிருந்து ஒரு நாட்டின் நலத்தை ஊகித்துவிட முடியாது என்று எச்சரித்தார். அளவுகோலைச் செய்தவரே சொன்ன எச்சரிக்கையை உலகம் மறந்தது, அளவுகோலைச் சாமியாக்கிக்கொண்டது.

இந்த மறதிக்கு எதிராக நம் மண்ணிலேயே ஒருவர் முறையாக வாதிட்டார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்குத் தணிக்கையாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தவர். காந்தியின் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை 1934 முதல் வார்தாவிலிருந்து நடத்தினார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது, மற்றொன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. இரண்டும் ஒரே சிந்தனையின் இரு பக்கங்கள். இயற்கையில் தேங்கிக் கிடப்பவை உண்டு: நிலக்கரி, எண்ணெய், தாது. ஓடிவருபவை உண்டு: மழை, மரம், பயிர், உழைப்பு. தேங்கியதை எடுக்க எடுக்கக் குறையும். குறைவதால் போட்டி வரும், போட்டி போரில் முடியும். ஓடிவருவதை அது ஊறும் வேகத்துக்குள் எடுத்தால் தலைமுறை தலைமுறையாக எடுக்கலாம். ஆகவே எதை நம்பிப் பிழைக்கிறோம் என்பதே நாம் வன்முறையாளரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது என்றார் குமரப்பா. பொருளாதாரத்தை அவர் அறத்திலிருந்து பிரிக்க மறுத்ததற்கு இதுதான் காரணம். உயிர்களின் வாழ்முறையையும் ஒட்டுண்ணி, வேட்டை, உழைத்துச் சேர்த்தல், கூடி வாழ்தல், தொண்டு என்று அவர் படிப்படியாக வகுத்தார். மனிதன் ஏற வேண்டிய ஏணி அது. பிற்காலத்தில் சிறியதே அழகு என்று எழுதிய ஷூமாக்கர் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். ஐரோப்பா வழியாக அவர் பெயரை நாம் மறுபடி கேட்க நேர்ந்தது நமக்குப் பெருமையல்ல.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம், உலகம் விரும்ப வாழும் அறிவுடையவனின் செல்வத்தை ஊரார் உண்ணும் நீர்நிலை நிரம்பியதற்கு ஒப்பிடுகிறது. நம் ஏரிகளைக் கட்டியவர்கள் அந்த ஒப்புமையின் மீதிப் பாதியை மண்ணிலும் கல்லிலும் செய்துவைத்தார்கள். ஏரிக்கு மதகு இருப்பதைப் போலவே கலங்கலும் இருக்கும். இத்தனை அடி நிரம்பினால் போதும் என்று கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல் பரப்பி வைப்பார்கள். அதற்கு மேல் வரும் நீர் அங்கே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். எல்லையும் பகிர்வும் ஒரே கட்டுமானத்தில் இருக்கின்றன. கலங்கல் இல்லாத ஏரிக்கு எவ்வளவு நீர் வந்தாலும் பெருமைதான், கரை உடையும் நாள்வரை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கலங்கலின் உயரத்தை எந்தத் தனி விவசாயியின் நல்ல மனமும் முடிவு செய்யவில்லை. ஊர் கூடி முடிவு செய்தது, ஊர் காவல் காத்தது. போதும் என்கிற மனம் தனி ஒருவரின் நோன்பாக மட்டும் இருக்கும்வரை அது அவரைத் தூய்மையாக்கும், ஊரை மாற்றாது. அது எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொண்ட ஏற்பாடாக மாறும்போதுதான் முடிவில்லா வளர்ச்சிக்கு மாற்று பிறக்கிறது. துறவியின் போதும் வேறு, குடிமகனின் போதும் வேறு. இந்தக் கட்டுரை கேட்பது இரண்டாவதை.

உடனே எழும் மறுப்பு நியாயமானது. வயிறு நிறைந்தவர்கள் பேசும் பேச்சு இது. இல்லாதவனுக்கு வளர்ச்சிதானே வழி? இதைவிடக் கூர்மையாகவும் கேட்கலாம். விதித்தது போதும் என்று இருக்கச் சொல்லித்தானே நூற்றாண்டுகளாக உழைக்கும் சாதிகளைக் கீழே வைத்திருந்தார்கள்? பெரியாரும் அம்பேத்கரும் சமயத்தின் பேரால் சொல்லப்பட்ட மனநிறைவை எதிர்த்தது இதனால்தான், எதிர்த்தது சரியே. கீழே இருப்பவனிடம் போதும் என்று உபதேசிப்பது அநீதி. வள்ளுவரும் வறுமையைப் போற்றவில்லை. நல்குரவு அதிகாரம் முழுக்க அதன் கொடுமையைச் சொல்கிறது. இரவச்சம் அதிகாரம் படைத்தவனையே சபிக்கும் அளவுக்குப் போகிறது. மணிமேகலையின் பாத்திரமும் பசிக்கு எதிரானது. ஆனால் பசிக்கு அளவு உண்டு, நிரப்பினால் நிரம்பும். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, எல்லோருக்குமான ரேஷன், 2022இல் வந்த காலை உணவு ஆகியவை பசியை நேரே நிரப்பிய ஏற்பாடுகள். சத்துணவு வந்தபோது தமிழ்நாடு செல்வந்த மாநிலமாக இருக்கவில்லை. மேலே வழிந்தது மெல்லக் கீழே வரும் என்று காத்திருக்காமல், இருப்பதைப் பங்கிட முடிவெடுத்ததால் அது நடந்தது. மீனவர் வாழும் ஊரூர் குப்பத்துக்கும் செல்வந்தர் வாழும் போட் கிளப் சாலைக்கும் இடையே நடந்தே கடக்கக்கூடிய தூரம்தான். ஒன்றுக்கு இன்னும் நல்ல வீடும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் வேண்டும். அங்கே கூடுவது அறம். எல்லையை ஏற்க வேண்டியது மற்றதுதான். திரௌபதி கடைசியாக உண்டாள் என்பதற்கு இன்றைய பொருள் இது: பாத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் முதலில் போதும் சொல்ல வேண்டும்.

அடுத்த மறுப்பு வேலையைப் பற்றியது. ரங்கநாதன் தெருவில் கூட்டம் குறைந்தால் தென்மாவட்டங்களிலிருந்து வந்து அங்கே நிற்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? நிற்கும் என்ற சொல்லை நேராகவே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி சேலை விரித்துக் காட்டியவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 2021இல்தான். கேரளம் அதை 2018இல் செய்திருந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் கடைகள் மாடி மேல் மாடியாக உயர்ந்தன, விற்பனை பல மடங்கு பெருகியது. அந்தப் பெருக்கம் தானாக ஒரு ஸ்டூலைக் கூடக் கொண்டுவந்து போடவில்லை. கோரிக்கையும் சட்டமும் போட்டன. வளர்ச்சி வேலை தருகிறது என்பதைவிட, வேலையின் தரத்தை வேறு ஏதோ தீர்மானிக்கிறது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். பழுது பார்த்தல், முதியோர் பராமரிப்பு, கற்பித்தல், குளம் தூர்வாருதல், பேருந்து ஓட்டுதல் எல்லாம் கைகள் நிறையக் கேட்கும் வேலைகள். பூமியிடம் குறைவாகக் கேட்கும் வேலைகளும் அவையே. வரி வருவாய் குறைந்தால் நலத்திட்டங்கள் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2023–24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடித்துக் கெடும் குடும்பங்களின் பணத்தில் குடும்பங்களுக்கு நலம் செய்யும் ஏற்பாட்டை வளர்ச்சி என்று கூட்டிக்கொண்டிருக்கிறோம். வருவாய் வேண்டும்தான், அது உழைப்பவன் குடிப்பதிலிருந்து வர வேண்டுமா, இருப்பவனின் நிலத்திலிருந்தும் மிகுசெல்வத்திலிருந்தும் வர வேண்டுமா என்பது அரசியல் தேர்வு.

தொழில்நுட்பம் காப்பாற்றும் என்பது மூன்றாவது மறுப்பு. குறைந்த பொருளில் அதிக மதிப்பை உண்டாக்கக் கற்றுக்கொண்டால் வளர்ச்சியும் நடக்கும், பூமியும் பிழைக்கும் என்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1970இல் உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 கோடி டன் கனிமமும் மரமும் எரிபொருளும் பயிரும் எடுத்தது. இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பான காலத்தில் எடுப்பது மும்மடங்குக்கு மேலாகியிருக்கிறது. அந்த ஐம்பது ஆண்டுகளில்தான் கணினியும் கைப்பேசியும் சூரிய மின்தகடும் பரவின. திறன் கூடும்போதெல்லாம் மிச்சமானதை இன்னொன்று வாங்கச் செலவழித்தோம். நகைக்கடைத் தட்டில் மின்னும் ஒரு பவுன், எட்டு கிராம். இன்றைய சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கமே கிடைக்கும் என்பதால், அந்த ஒரு பவுனுக்குப் பின்னால் டன் கணக்கில் பொடித்த பாறையும் அதைக் கழுவிய சயனைடும் இருக்கின்றன. கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. அங்கே தலைமுறைகளாக நிலத்துக்கடியில் உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு மிஞ்சியவற்றில் கண்ணுக்கு முதலில் படுவது சயனைடு மேடுகள். நாம் இறக்குமதி செய்யும் தங்கத்தின் மேடுகள் வேறு நாட்டில் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. தென்சென்னைக் கடைகளின் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் அப்படித் தொலைவில் போவதில்லை, பெருங்குடிக்குப் போகின்றன. அந்தக் குப்பைமேடு நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்தது. சில மாதங்களில் அதே சதுப்புநிலத்துக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் அறிவிக்கப்பட்டது. அங்கீகாரத்துக்கும் குப்பைக்கும் நாம்தான் பொறுப்பு.

இனி குடிமக்களின் பங்கு. எல்லை வைப்பது இயலாத காரியம் என்று நினைப்பவர்கள் நம் கடற்கரையையே பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகுவதற்காகச் சட்டம் வைத்த எல்லை அது. அந்த நாள்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. தொகை போதாது என்ற குறை நியாயமானது, ஆனால் கொள்கை சரியானது. எல்லையின் சுமையைத் தனியாக ஒரு சமூகத்தின் தலையில் வைக்காமல் பொதுவில் பகிர்ந்துகொள்வதே நியாயமான எல்லை. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுத்து, தானாக விளைந்ததை ஏழைக்கு விடச் சொன்ன விவிலியச் சட்டமும் இதே வகை. மழைநீரிலும் இதைச் செய்து பார்த்தோம். சேகர் ராகவன் போன்றவர்கள் 1990களில் பெசன்ட் நகர் வீடுகளில் கதவு தட்டி மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பச் சொன்னார்கள். 2002இல் மந்தைவெளிப் பக்கம் அதற்கென்று ரெயின் சென்டர் திறக்கப்பட்டது. 2003இல் மாநிலம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது. சிலரின் நோன்பு சட்டமானதும் ஊர்ப் பழக்கமானது. அடையாறு உப்பங்கழியைக் கட்டடங்களிலிருந்து காக்க நீதிமன்றம் ஏறியவர்கள் இல்லாமல் 2011இல் 58 ஏக்கர் பூங்கா பிறந்திருக்காது. இந்த மூன்றும் உற்பத்தி எண்ணைப் பெரிதாக உயர்த்தவில்லை, வாழ்வை உயர்த்தின. வீட்டின் உறைகிணற்றில் வண்டல் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பார்ப்பது சிறிய வேலை. ஆனால் அது பொதுநீரில் நமக்குள்ள பங்கை நாமே ஒப்புக்கொள்ளும் செயல்.

பணத்தின் வழியிலும் வேலை இருக்கிறது. முடிவில்லா வளர்ச்சியைக் கட்டாயமாக்குவது, முதலுக்கு லாபம் கூடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. நம் சேமிப்பு எங்கே போகிறது, யாருக்குக் கடனாகிறது என்று கேட்கத் தொடங்குவது அந்த நிபந்தனையைத் தளர்த்தும். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது. உறுப்பினரிடம் மட்டும் வைப்பு வாங்கி உறுப்பினருக்கே கடன் கொடுப்பது இத்தகைய நிதி நிறுவனங்களின் இலக்கணம். தெரிந்தவர் பணம் தெரிந்தவர் தேவைக்குப் போகிறது. 1904இல் உருவான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், வாங்குபவர்களே கடைக்கு உடைமையாளர்களாக இருக்கலாம் என்று காட்டியது. இத்தகைய அமைப்புகள் இன்று வலுவிழந்திருந்தால் உறுப்பினராகிப் பேரவையில் கேள்வி கேட்டு வலுவாக்கும் பொறுப்பு நம்முடையது. கல்யாணங்களும் இதில் அடங்கும். பெண்ணுக்கு எத்தனை பவுன் என்ற கேள்வி இருக்கும்வரை ஒரு குடும்பம் தனியாக அடக்கமாக நடந்துகொள்வது கடினம். மணமகன் வீடு முதலில் அந்தக் கேள்வியைக் கைவிட்டால் மட்டுமே எளிதாகும். கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் தத்தம் சமூகத்தில் இதற்கொரு வரம்பைப் பேசி வைக்கலாம். அட்சய திருதியையைத் தண்ணீர்ப் பந்தலின் நாளாக மீட்பதற்கு மாடவீதிகளைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சமயம் தன் நாளைத் தானே மீட்காவிட்டால் வேறு யாரும் மீட்டுத் தரப்போவதில்லை.

இவற்றையெல்லாம் தாங்கி நிற்க வேண்டியது அரசியல். 2022 முதல் சென்னையில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் இருக்கின்றன. நகருக்கு மூன்றாம் பெருந்திட்டம், 2026 முதல் 2046 வரைக்கானது, தயாராகி வருகிறது. கலங்கலின் உயரத்தை முடிவு செய்யும் இடங்கள் இவைதான். அங்கே ஆள் இல்லாவிட்டால் நிலம் வாங்கி விற்பவர்கள் முடிவு செய்வார்கள். 2019 கட்டட விதிகள், மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் பொதுவான தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக்கின. மயிலாப்பூரிலும் அடையாறிலும் முப்பது நாற்பது வயதே ஆன, நன்றாக நிற்கும் அடுக்குமாடிகள் இடிபட்டு இன்னும் உயரமாக எழுகின்றன. இடித்த கான்கிரீட் எங்கே கொட்டப்படுகிறது, புதிய மாடிகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், அந்தத் தெருவின் நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அனுமதிக்கு முன்பே பகுதி சபையில் கேட்கலாம். வார்டின் வளர்ச்சிக் கணக்கு என்று எத்தனை கோடிக்குச் சாலை போட்டார்கள் என்பதைத் தருகிறார்கள். அதன் பக்கத்தில் கிணற்று நீர்மட்டம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், நிழல்தரும் மரங்கள், பெருங்குடிக்குப் போகும் குப்பையின் எடை ஆகியவற்றையும் ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லலாம். பாண்டி பஜாரில் 2019இல் வாகனங்களிடமிருந்து இடத்தை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். எதுவும் வாங்காமலும் உட்கார்ந்திருக்க அங்கே இருக்கை உண்டு. 2021 முதல் பெண்கள் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசில்லாமல் போகிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே கார் வாங்குவதில் வரும் வசதியைவிட எல்லோருக்குமான பேருந்தின் வசதி மேலானது என்று சொல்லும் வாக்காளர்கள் இருந்தால் மட்டுமே அடுத்த படி நடக்கும்.

ஒரு வார்டு மாறி உலகம் மாறுமா என்று இறுதியில் கேட்பார்கள். பணக்கார நாடுகள் நம்மைவிடப் பல மடங்கு எடுத்துக்கொண்டிருக்கையில் நாம் மட்டும் ஏன் என்பதும் அதே கேள்வியின் மறுவடிவம். அந்த நாடுகள் முதலில் குறைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதே அளவுகோல் நம் நகரத்துக்குள்ளும் செல்லும். அமெரிக்காவைப் பார்த்து நாம் சொல்வதை நகரின் கழிவைச் சுமக்கும் எண்ணூரும் பெருங்குடியும் வசதியான அடையாறைப் பார்த்துச் சொல்ல உரிமை உண்டு. தவிர, அறச்செயலை அதன் விளைவின் அளவை வைத்து மட்டும் எடைபோடும் வழக்கமே வளர்ச்சி மனம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. ஆபுத்திரன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டபோது உலகின் பசி தீரவில்லை. ஆனால் பாத்திரம் யாருக்கு உரியது என்ற உண்மை காக்கப்பட்டதால்தான் பின்னொரு நாள் மணிமேகலை கைக்கு அது வந்தது. நாம் செய்யக்கூடியதும் அதுவே: எது பொதுவுக்கு உரியது என்பதைக் கைமாறாமல் காப்பது. வசதியுள்ளவர்கள் தம் வீட்டில் போதும் என்று தொடங்க வேண்டும். அதைத் தெருவின் விதியாக்கவும், வார்டின் தீர்மானமாக்கவும், மாநிலத்தின் சட்டமாக்கவும் உழைக்க வேண்டும். ஒரு டிரில்லியன் டாலர் எப்போது வரும் என்று அரசிடம் கேட்பதை நிறுத்தி, எவ்வளவு நிரம்பினால் போதும், மிஞ்சுவது யாருக்குப் போகும் என்று கேட்கத் தொடங்குவோம். வரும் உள்ளாட்சித் தேர்தலில் நம் வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.